டிஎன்டி போட்ட பிறகும் விளம்பர அழைப்புகள் நிற்கவில்லை: எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது?

முல்லைக்கொடி எழுதியது:

வீட்டில் பெரியவர் ஒருவர் பயன்படுத்தும் ப்ரீபெய்டு எண். 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி விளம்பரங்களுக்கு முழுத் தடை (டிஎன்டி, அதாவது ‘தொல்லை செய்யாதே’ பதிவு) போட்டு இரண்டு மாதம் ஆகிறது. பதிவானதாகச் செய்தியும் வந்துவிட்டது. அதன் பிறகும் இவை வந்துகொண்டே இருக்கின்றன:

9, 8, 7 என்று தொடங்கும் சாதாரண மொபைல் எண்களிலிருந்து கடன், வீட்டுமனை அழைப்புகள். ஒவ்வொரு முறையும் எண் வேறு. பிளாக் செய்து பயனில்லை.

140 என்று தொடங்கும் எண்களிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று.

ஒரு துணிக்கடையின் தள்ளுபடிச் செய்திகள்.

திரையில் திடீரென்று மேலெழும் பெட்டிகள். அவசரத்தில் ‘ஓகே’ அழுத்திவிட்டால் பணம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

முதல் வகைக்கு மூன்று முறை 1909-இல் புகார் செய்தாயிற்று. மூன்றும் ‘வணிகத் தொடர்பு என உறுதியாகவில்லை’ என்ற பதிலோடு மூடப்பட்டன. புகாரில் என்ன எழுதினால் ஏற்பார்கள்? மற்ற மூன்றுக்கும் என்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அலைவரிசை எழுதியது:

முல்லைக்கொடி, நீங்கள் சொன்ன நான்கும் நான்கு வெவ்வேறு வழியாக வருகின்றன. ஒரே பதிவு நான்கையும் நிறுத்தாது. முதலில் டிஎன்டி எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம், மற்றது தானே விளங்கும்.

2007-இல் ‘தேசிய அழைக்க வேண்டாம் பதிவேடு’ வந்தபோது அது வெறும் எண்களின் பட்டியல்தான். விற்பவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. 2010 விதிமுறை அதை இறுக்கியது. இப்போது நடப்பில் இருப்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறையும் அதற்கு 2025 பிப்ரவரி 12 அன்று வந்த திருத்தமும். 2018-க்குப் பிறகு, விளம்பரம் அனுப்பும் நிறுவனம், அதற்காக அனுப்பித் தரும் டெலிமார்க்கெட்டர், அனுப்பும் பெயர், செய்தியின் மாதிரி வடிவம் எல்லாமே டிஎல்டி என்ற பொதுப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பதிவு பெற்றவர் ஒரு லட்சம் எண்களுக்கு அனுப்ப முனைந்தால், அந்தப் பட்டியல் முதலில் சல்லடையில் போகும். தடை போட்ட எண்கள் அங்கேயே கழிக்கப்படும்.

கவனியுங்கள்: சல்லடையில் விழுவது பதிவு பெற்றவர்களின் பட்டியல் மட்டும். ஒருவர் கடையில் வாங்கிய சாதாரண சிம்மிலிருந்து உங்கள் எண்ணை அடித்தால், அது அண்ணன் தம்பிக்குப் பேசுகிற அழைப்பைப் போலவே நெட்வொர்க்குக்குத் தெரியும். எந்தச் சல்லடையும் குறுக்கே வராது. ஆகவே முதல் வகையை டிஎன்டியால் தடுக்க முடியாது. அதற்குப் புகார் ஒன்றே வழி.

எண் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. சிலர் கட்டுக்கட்டாக சிம் வைத்துச் சுழற்றுகிறார்கள். சிலர் அலுவலகங்களுக்குத் தரப்படும் பிஆர்ஐ அல்லது சிப் டிரங்க் இணைப்பை வாங்குகிறார்கள். ஒரு பிஆர்ஐ-இல் ஒரே நேரத்தில் 30 அழைப்புகள் போகும், அதன் பின்னால் நூற்றுக்கணக்கான எண்கள் இருக்கலாம். நீங்கள் ஒரு எண்ணை பிளாக் செய்தால் அடுத்தது வரும். போனில் பிளாக் செய்வதும், ‘ஸ்பேம்’ என்று குறிப்பதும், அழைப்பவர் பெயர் காட்டும் ஆப்பில் சிவப்பாக்குவதும் ஆபரேட்டரின் பதிவேட்டுக்குப் புகாராகப் போய்ச் சேருவதில்லை. பலரும் ஏமாறும் இடம் இது.

முதலில் பதிவைச் சரிபாருங்கள். ‘டிராய் டிஎன்டி’ ஆப்பை அந்த எண் உள்ள போனிலேயே நிறுவி, ஓடிபி கொடுத்து உள்ளே போனால் இப்போதைய நிலை தெரியும். ஒரு போனில் இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். வங்கி-காப்பீடு-கடன், வீட்டுமனை, கல்வி, உடல்நலம், நுகர்பொருள்-வாகனம், தகவல்தொடர்பு-பொழுதுபோக்கு, சுற்றுலா, உணவு என எட்டு வகைகள் உண்டு. முழுத் தடை வேண்டாம், கல்வி மட்டும் வரட்டும் என்றால் ஆப்பிலோ 1909-ஐ அழைத்தோ மாற்றுங்கள். எஸ்எம்எஸ்ஸில் பகுதித் தடை போடும்போது பழைய குறியீடும் புதிய குறியீடும் கலந்து குழப்பும். முழுத் தடைக்கு, ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘ஸ்டார்ட்’, ஓர் இடைவெளி, பூஜ்யம் என்று 1909-க்கு அனுப்பினால் போதும். ‘ஸ்டார்ட்’ என்பதைப் பார்த்து மிரள வேண்டாம், தடையைத் தொடங்கு என்றுதான் பொருள். உறுதி செய்யச் சொல்லித் திருப்பிச் செய்தி வந்தால் அதற்குப் பதில் அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள். பதிவு ஆனபின் 24 மணி நேரத்துக்குள் நடைமுறைக்கு வர வேண்டும்.

புகாரை அழைப்பு வந்த மூன்று நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் தள்ளுபடி ஆகும்.

---

தாழம்பூ எழுதியது:

அலைவரிசை சொன்னதில் ஒரு திருத்தம். மூன்று நாள் என்பது பழைய கணக்கு. 2025 திருத்தத்தில் அது ஏழு நாளாகிவிட்டது. பதிவு பெறாத எண்களுக்கு எதிராகப் புகார் செய்ய, முன்கூட்டியே டிஎன்டி போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது. டிஎன்டி போடாத பக்கத்து வீட்டுக்காரரும் இப்போது புகார் செய்யலாம்.

இனி, உங்கள் புகார்கள் ஏன் மூடப்பட்டன என்று பார்ப்போம். புகார் முதலில் உங்கள் ஆபரேட்டரிடம் போகும். சொன்ன நாளில் சொன்ன எண்ணிலிருந்து உண்மையிலேயே அழைப்பு வந்ததா என்று அவர்கள் தங்கள் அழைப்புப் பதிவில் தேடுவார்கள். இருந்தால், அழைத்தவருடைய ஆபரேட்டருக்கு அனுப்புவார்கள். நடவடிக்கை எடுக்க வேண்டியவர் அந்த இரண்டாமவர். இந்தப் பாதையில் புகார் விழுந்துபோகும் இடங்கள் எனக்குத் தெரிந்து நான்கு.

தேதிப் பிழை. நேற்றைய அழைப்புக்கு இன்றைய தேதி போட்டால் பதிவில் அந்த எண் இருக்காது, அங்கேயே மூடிவிடுவார்கள். நள்ளிரவை ஒட்டி வந்த அழைப்பில் இது எளிதாக நடக்கும்.

எண்ணில் பிழை. கையால் அடிக்காமல் அழைப்புப் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்பு. இது இணையத்தில் வருவது. ஆபரேட்டரின் பதிவில் இருக்கவே இருக்காது. பெரியவர்களுடைய போனில் இரண்டு வகை அழைப்பும் அடுத்தடுத்து வரும்போது குழம்பிவிடும், எனவே எந்தப் பட்டியலில் அந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் தனியுரிமை, அதில் அழைப்புகள், அங்கே தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள்.

நான்காவதுதான் உங்களுக்கு நடந்ததாகத் தோன்றுகிறது: விவரம் போதாமை. ‘தொல்லை அழைப்பு’ என்று மட்டும் எழுதினால் அது விற்பனையா, தனிப்பட்ட தகராறா என்று யாருக்கும் தெரியாது. என்ன விற்றார்கள், எந்த நிறுவனத்தின் பெயர் சொன்னார்கள் என்பது ஒரு வரியிலாவது இருக்க வேண்டும். ‘தனிநபர் கடன் 5 லட்சம் வரை தருவதாகப் பேசினார், இன்ன நிதி நிறுவனத்தின் சார்பில் என்றார்’ என்பது போதும். பிறகு காற்புள்ளி, அழைத்த பத்து இலக்க எண், காற்புள்ளி, நாள்/மாதம்/ஆண்டு, நேரம். இதை 1909-க்கு எஸ்எம்எஸ்ஸாக அனுப்பலாம். கட்டணம் கிடையாது. எழுதுவது சிரமம் என்றால் டிராய் ஆப்பிலோ உங்கள் ஆபரேட்டரின் ஆப்பிலோ அந்த அழைப்பைத் தேர்ந்தெடுத்தால் எண்ணும் தேதியும் தானே நிரம்பிவிடும், பிழைக்கு இடமில்லை. ஆபரேட்டர்கள் தங்கள் ஆப்பிலும் தளத்திலும் இந்தப் புகார் வசதியைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பதும் இப்போது விதி.

ஐபோனில் ஆப்பை நிறுவினால் மட்டும் போதாது. அமைப்புகளில் போன் பகுதிக்குள் எஸ்எம்எஸ்/அழைப்புப் புகார் என்ற இடத்தில் அந்த ஆப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகே அழைப்புப் பட்டியலிலிருந்து நேரே புகார் செய்ய முடியும்.

ஆகவே அழைப்பு வந்தால் உடனே துண்டிக்காமல் பத்து வினாடி பேசச் சொல்லுங்கள். ‘எந்தக் கம்பெனி, என்ன விஷயம்’ என்ற இரண்டே கேள்வி. வேறு எதற்கும் பதில் வேண்டாம்.

இதனால் என்ன பயன் என்று சோர்ந்துவிடாதீர்கள். முன்பு ஒரு எண்ணின் மேல் 7 நாளில் 10 புகார் சேர வேண்டும். இப்போது 10 நாளில் 5 புகார் சேர்ந்தாலே நடவடிக்கை தொடங்க வேண்டும். நடவடிக்கை எடுக்க 30 நாள் என்றிருந்த கெடு 5 நாளாகக் குறைந்திருக்கிறது. முதல் முறை பிடிபட்டால் அந்த அனுப்புநரின் வெளிச்செல்லும் அழைப்புகள் 15 நாளுக்கு நிறுத்தப்படும். மறுபடி பிடிபட்டால், பிஆர்ஐ, சிப் டிரங்க் உட்பட அவர் பெயரில் உள்ள எல்லா இணைப்பும், எந்த ஆபரேட்டரிடம் இருந்தாலும், ஓர் ஆண்டுக்குத் துண்டிக்கப்படும். உங்கள் புகார் அந்த ஐந்தில் ஒன்று. தனியாக அது மூடப்பட்டாலும் கணக்கில் நிற்கும்படி சரியாக எழுதுவதுதான் நம் கையில் உள்ள வேலை.

---

அலைவரிசை எழுதியது:

தாழம்பூவுக்கு நன்றி. ஏழு நாள்தான் சரி, பழைய கெடுவைச் சொல்லிவிட்டேன்.

140-ஐப் பற்றி: அது பதிவு பெற்ற டெலிமார்க்கெட்டர்களின் விளம்பர அழைப்புக்கென்றே ஒதுக்கிய வரிசை. சல்லடையில் விழ வேண்டிய அழைப்பு அது. முழுத் தடைக்குப் பிறகும் வருகிறது என்றால், பெரும்பாலும் எங்கோ சம்மதம் கொடுக்கப்பட்டிருக்கிறது. டிஎன்டியைவிடச் சம்மதத்துக்குத்தான் வலு அதிகம். கடன் தகுதி பார்க்கும் இணையப் படிவம், காப்பீட்டு விலை ஒப்பிடும் தளம், பரிசுக் கூப்பன், கடையில் பில் போடும்போது கேட்டு வாங்கும் போன் நம்பர் எல்லாவற்றிலும் அடியில் ஒரு சிறிய கட்டம் ஏற்கனவே ‘டிக்’ செய்யப்பட்டிருக்கும். அதைத்தான் பின்னால் சம்மதம் என்று காட்டுவார்கள்.

இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் எண்ம சம்மதப் பதிவு என்ற ஏற்பாட்டை 2023-இல் டிராய் கொண்டுவந்தது. 127 என்று தொடங்கும் குறுங்குறியீட்டிலிருந்து ‘இன்ன நிறுவனம் உங்கள் சம்மதம் கேட்கிறது’ என்று செய்தி வரும். படிக்காமல் ‘ஆம்’ அனுப்பிவிடக் கூடாது. பெரியவருக்கு இதை மட்டும் தனியாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு நிறுவனத்தில் நீங்களே விசாரித்திருந்தாலும், அந்த விசாரணையை வைத்துக் காலமெல்லாம் அழைக்க முடியாது. அப்படிப்பட்ட சம்மதத்துக்கு 7 நாள்தான் ஆயுள். விலகல் தெரிவித்துவிட்டால் 90 நாளுக்குள் மறுபடி சம்மதம் கேட்கவும் கூடாது. 140-இல் பேசுபவரிடம் ‘எந்த நிறுவனத்துக்காக அழைக்கிறீர்கள்’ என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கு விளம்பரச் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் அனுப்புங்கள். கூடவே 1909-இலும் புகார் போடுங்கள். இரண்டும் வேண்டும். மின்னஞ்சல் மட்டும் என்றால் டெலிமார்க்கெட்டர் தப்பிவிடுவார், புகார் மட்டும் என்றால் சம்மதம் அப்படியே கிடக்கும்.

---

கருவேலன் எழுதியது:

துணிக்கடை எஸ்எம்எஸ்ஸுக்கு நான் சொல்கிறேன். அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும், 2025-இலிருந்து வந்த முறை. ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ சேவைச் செய்தி, ‘டி’ ஓடிபி போன்ற பரிவர்த்தனைச் செய்தி, ‘ஜி’ அரசு. பெயருக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்தில் முதலாவது ஆபரேட்டரையும் இரண்டாவது தொலைத்தொடர்பு வட்டத்தையும் (எந்த மாநிலப் பகுதி என்பதையும்) குறிக்கும், அதைப் பார்த்துக் கடையை அடையாளம் காண முடியாது. நடுவில் உள்ளதுதான் கடையின் பெயர்.

‘பி’ என்று வந்தால் செய்திக்குள்ளேயே விலகும் வழி இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அதுவே புகாருக்கு ஒரு காரணம். தள்ளுபடி விளம்பரம் ‘எஸ்’ என்ற முத்திரையோடு வந்தால் இன்னும் மோசம். சேவை என்ற பெயரில் சல்லடையைத் தாண்டுகிறார்கள். செய்தியை முழுதாக நகலெடுத்து, அனுப்புநர் பெயரைக் கோடு, எழுத்து உட்பட அப்படியே எழுதி, தேதி சேர்த்து 1909-க்கு அனுப்புங்கள். அந்தக் கடைசி எழுத்தை விட்டுவிடாதீர்கள், புகாரின் உயிரே அதில்தான்.

அடுத்து திரையில் எழும் பெட்டி. அது சிம்மிலிருந்தே வருகிறது. டிஎன்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆப் பட்டியலில் ‘சிம் டூல்கிட்’ என்ற ஆப் இருக்கும், சில போன்களில் ஆபரேட்டர் பெயரிலேயே இருக்கும். உள்ளே போனால் ஃப்ளாஷ் செய்திச் சேவையை நிறுத்தும் இடம் கிடைக்கும். சிம் டூல்கிட் ஆப்பையே முடக்கினாலும் அடங்கும், ஆனால் சேவையை நிறுத்துவதுதான் நல்லது. போன் மாற்றினாலும் சிம்மோடு கூடவே போகும் தொல்லை இது.

தவறி ‘ஓகே’ அழுத்திவிட்டீர்களா? கட்டணச் சேவையைத் தொடங்கும் முன் இரண்டாவது முறை உறுதி கேட்க வேண்டும் என்பது விதி. அந்த இரண்டாவது செய்திக்குப் பதில் அனுப்பாதீர்கள். சேவை தொடங்கிவிட்டிருந்தால் 155223-ஐ அழையுங்கள் அல்லது அதற்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மதிப்புக்கூட்டுச் சேவைகளை நிறுத்த எல்லா ஆபரேட்டருக்கும் பொதுவான இலவச எண் அது. பிறகு இருப்பைப் பார்த்து, பிடித்த பணத்தைத் திருப்பித் தரும்படி ஆபரேட்டரின் புகார் எண்ணான 198-இல் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

---

முல்லைக்கொடி எழுதியது:

மிக்க நன்றி. மூன்று புகாரிலும் ‘விளம்பர அழைப்பு’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது, எந்த நிறுவனம் என்று இல்லை. இனி தாழம்பூ சொன்ன முறையில் அனுப்புகிறேன். துணிக்கடைச் செய்தி ‘எஸ்’ என்றுதான் முடிகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, வேறு யாரோ ஒருவருடைய பெயரைச் சொல்லிக் கடன் தவணை கட்டச் சொல்லியும் அழைப்பு வருகிறது. இரண்டு, வீட்டில் லேண்ட்லைனும் உண்டு. அதில் எஸ்எம்எஸ் அனுப்ப முடியாதே?

---

தாழம்பூ எழுதியது:

கடன் வசூல் அழைப்பு விளம்பரக் கணக்கில் வராது. 1909-இல் போட்டால் மறுபடி மூடத்தான் செய்வார்கள். இந்த எண் முன்பு வேறொருவரிடம் இருந்திருக்கலாம். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு புதியவருக்குத் தரலாம், பழைய உரிமையாளரின் கடன் கணக்கில் அந்த எண் அப்படியே கிடக்கும். கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு, ‘இந்த எண் இப்போது இன்னாருடையது அல்ல, நீக்கவும்’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆதார், பிறந்த தேதி எதையும் அழைப்பவரிடம் சொல்ல வேண்டாம். வசூல் அழைப்பு காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அந்த நேரத்துக்கு வெளியே வந்திருந்தால் அதையும் மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள்.

கூடவே தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், பெரியவரின் பெயரில் எத்தனை மொபைல் இணைப்பு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தெரியாத எண் இருந்தால் ‘என்னுடையது அல்ல’ என்று குறிக்கும் வசதி அங்கேயே உண்டு.

மோசடி என்று சந்தேகம் வந்தால், உதாரணமாக வங்கி, போலீஸ், மின்வாரியம் என்று சொல்லி மிரட்டினால், அதே தளத்தில் ‘சக்ஷு’ என்ற பகுதியில் பதியுங்கள். 2024 மார்ச்சில் தொடங்கியது. அது பணம் போவதற்கு முந்தைய நிலைக்கு மட்டும். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

வங்கிகளின் உண்மையான சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சாதாரண மொபைல் எண்ணிலிருந்து ‘வங்கியிலிருந்து பேசுகிறோம்’ என்றால் பெரியவர் போனை வைத்துவிடலாம், கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்குத் தாமே அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

---

கருவேலன் எழுதியது:

லேண்ட்லைனுக்கு: அந்த லேண்ட்லைனிலிருந்தே 1909-ஐ அழையுங்கள். குரல் வழிகாட்டலில் விருப்பத்தேர்வைப் பதியலாம். மொபைலிலிருந்து அழைத்தால் மொபைல் எண்தான் பதியும், லேண்ட்லைன் பதியாது. புகாரும் அதே வழி. லேண்ட்லைனில் அழைத்தவர் எண் தெரிய வேண்டுமானால் காலர் ஐடி வசதியும் அதைக் காட்டும் கருவியும் இருக்க வேண்டும். எண் இல்லாமல் புகார் நகராது.

எண்ணை வேறு ஆபரேட்டருக்கு போர்ட் செய்தால், மாறிய மறுநாளே டிராய் ஆப்பில் நிலையைப் பாருங்கள். தடை காட்டவில்லையென்றால் மறுபடி போடுங்கள்.

கடைசியாக, டிராய்க்கே நேரே எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். தனிநபர் புகாரை விசாரிக்கும் அதிகாரம் டிராய்க்குச் சட்டத்தில் இல்லை. வந்த கடிதத்தை ஆபரேட்டருக்கே திருப்பி அனுப்புவார்கள். ஆபரேட்டர் சரியான புகாரையும் காரணமில்லாமல் மூடினால், புகார் எண்கள், தேதிகள், மூடிய பதில்களின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து, மத்திய அரசின் குறைதீர் தளமான சிபிகிராம்ஸில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள். அதனால்தான் 1909-இலிருந்து வரும் ஒவ்வொரு புகார் எண்ணையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.